வாடகைக்கு பேஸ்மென்ட் அறையா? முதலில் ஜன்னலைத் திறந்து பாருங்கள்

கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ படிக்கப் போகிறீர்களா? வாடகை அறை தேடும்போது "பேஸ்மென்ட் ரூம்" என்ற விளம்பரம் கட்டாயம் கண்ணில் படும். வாடகை குறைவு, தனி வாசல், சில நேரம் தமிழ்க் குடும்பத்தின் வீடு. வேறென்ன வேண்டும்?

டொராண்டோவில் முதுகலை படிக்கப்போன என் சித்தி மகளும் அப்படித்தான் நினைத்தாள். வாட்ஸ்அப்பில் அறையின் படத்தை அனுப்பி, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள். கட்டில், மேசை, சுத்தமான தரை. ஜன்னல் மட்டும் கூரையை ஒட்டி, தபால்பெட்டியின் வாய் மாதிரி இருந்தது. "தீப்பிடிச்சா அது வழியா நீ வெளியே வர முடியுமா?" என்று கேட்டேன். பதில் வர ஒரு நாள் ஆனது.

அவள் கேட்க மறந்த கேள்விக்குக் கட்டட விதிகளில் தெளிவான பதில் இருக்கிறது. மில்லிமீட்டர் கணக்கில்.

அங்கே ஏன் எல்லா வீட்டிலும் பேஸ்மென்ட்?

வீவக வீட்டில் வளர்ந்த நமக்கு இது புதுசு. குளிர்நாடுகளில் மண்ணில் உள்ள ஈரம் உறைந்து நிலத்தையே மேலே தள்ளும். அதனால் வீட்டின் அஸ்திவாரத்தை உறைபனி எட்டாத ஆழத்துக்கு இறக்க வேண்டும். டொராண்டோவில் அது சுமார் 1.2 மீட்டர். அவ்வளவு தோண்டிய பிறகு, இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு மாடியே கிடைத்துவிடும்.

அந்த இடம் முதலில் சூடேற்றும் ஃபர்னஸ், வெந்நீர்க் கொதிகலன், சலவை இயந்திரம் ஆகியவற்றுக்காகத்தான். ஆள் தூங்குவதற்காக அல்ல. பிறகு சுவர் எழுப்பி, கம்பளம் விரித்து, வாடகைக்கு விட்டார்கள். ஜன்னல் பல வீடுகளில் பழைய அளவிலேயே இருக்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

படிக்கட்டு இருக்கிறதே, போதாதா?

பேஸ்மென்ட் படிக்கட்டு பெரும்பாலும் மேல்மாடிச் சமையலறைப் பக்கம்தான் போய்ச் சேரும். தீ சமையலறையில் என்றால், உங்கள் ஒரே வழி அதற்குள்ளேயே போகிறது. தீ கீழே ஃபர்னஸ் பக்கம் என்றால், சூடான புகை அதே படிக்கட்டு வழியாக மேலே ஏறும். படிக்கட்டு புகைபோக்கி ஆகிவிடும்.

புகை எச்சரிக்கைக் கருவி ஒலித்த பிறகு, தப்பிக்க 2 நிமிடங்களுக்கும் குறைவான நேரமே கிடைக்கலாம் என்கிறது அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம். தூக்கத்திலிருந்து எழுந்து, என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் பாதி நேரம் போய்விடும்.

அதனால்தான் தூங்கும் அறைக்கு இரண்டாவது வழி வேண்டும் என்கிறது விதி. அது நீங்கள் வெளியேறுவதற்கு மட்டுமல்ல. சுவாசக் கருவியை முதுகில் சுமந்த தீயணைப்பாளர் உள்ளே வருவதற்கும் சேர்த்துத்தான் அளவை வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு பெரிசா இருக்கணும்?

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் அனைத்துலகக் குடியிருப்பு விதித் தொகுப்பின்படி, திறந்த ஜன்னலில் குறைந்தது 5.7 சதுர அடி இடைவெளி வேண்டும். தரை மட்டத்திலோ அதற்குக் கீழோ உள்ள ஜன்னலுக்கு 5 சதுர அடி போதும். உயரம் 24 அங்குலத்துக்கும் அகலம் 20 அங்குலத்துக்கும் குறையக்கூடாது. ஜன்னலின் கீழ்விளிம்பு அறைத் தரையிலிருந்து 44 அங்குலத்துக்குமேல் இருக்கக்கூடாது. அதாவது சுமார் 112 சென்டிமீட்டர், பலருக்கு நெஞ்சுக்குக் கீழே.

இதில் ஒரு பொறி உண்டு. 20-ஐயும் 24-ஐயும் பெருக்கிப் பாருங்கள். 480 சதுர அங்குலம், அதாவது 3.3 சதுர அடிதான். இரண்டும் குறைந்தபட்ச அளவில் இருந்தால் ஜன்னல் தேறாது! அகலம் 20 என்றால், 5 சதுர அடிக்கே உயரம் 36 அங்குலம் வேண்டும். "சைஸ் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

கனடாவின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு கேட்பது கொஞ்சம் குறைவு: 0.35 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையாமல். ஏறக்குறைய 6 ஏ4 தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய பரப்பு. வெளிப்புறக் கதவு நேராகப் படுக்கையறையிலேயே இருந்தால், அல்லது தண்ணீர் தெளிக்கும் தீயணைப்பு முறை இருந்தால், ஜன்னலுக்கு விலக்கு உண்டு. ஒன்டாரியோ போன்ற மாகாணங்கள் சொந்தத் தொகுப்பு வைத்திருக்கின்றன. அதனால் எந்த ஊரோ அந்த ஊர் நகராட்சியின் இணையத்தளத்தைப் பார்ப்பதுதான் முடிவான வழி.

லண்டன் போகிறவர்களுக்கும் ஒரு வரி: இங்கிலாந்தில் தப்பிக்கும் ஜன்னல் 0.33 சதுர மீட்டர், ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 450 மில்லிமீட்டர்.

கண்ணாடியை அளக்காதீர்கள்

விதிகள் பேசுவது ஜன்னலின் அளவை அல்ல, திறந்தபின் கிடைக்கும் இடைவெளியை.

3 அடிக்கு 3 அடி தள்ளு ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கப் பெரிசு. ஆனால் பாதிதான் திறக்கும். அகலம் 18 அங்குலம், எனவே அமெரிக்காவில் தேறாது. கனடாவில், சட்டத்தின் தடிமனைக் கழித்தால், இழுபறிதான். மேல்பக்கமாகச் சாய்ந்து திறக்கும் பழைய பேஸ்மென்ட் ஜன்னல்கள் இன்னும் மோசம். ஒரு கை நுழையும், ஆள் நுழைய முடியாது.

சாவியோ ஸ்குரூடிரைவரோ இல்லாமல் உள்ளிருந்து திறக்கவேண்டும் என்பதும் விதி. கனடாவில், கையால் பிடித்துக்கொள்ளாமலேயே அது திறந்து நிற்கவும் வேண்டும். கம்பி போட்டிருந்தால் அதுவும் அப்படியே: சாவியின்றி, பலத்தைக் கூட்டாமல், உள்ளிருந்து கழல வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது?

பேஸ்மென்ட் ஜன்னல் பல வீடுகளில் ஒரு குழிக்குள் திறக்கும். ஜன்னலிலிருந்து வெளியேறி அந்தக் குழியில் மாட்டிக்கொண்டால் என்ன பயன்? அமெரிக்க விதியில் குழியின் பரப்பு குறைந்தது 9 சதுர அடி, நீளமும் அகலமும் 36 அங்குலம். ஆழம் 44 அங்குலத்தைத் தாண்டினால், நிரந்தரமாகப் பொருத்திய ஏணியோ படியோ கட்டாயம். கனடாவின் தேசியத் தொகுப்பில் ஜன்னலுக்கு முன்னால் 760 மில்லிமீட்டர் இடம் விடவேண்டும்.

பனியை மறந்துவிடாதீர்கள். செப்டம்பரில் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும் குழி ஜனவரியில் உறைந்து கிடக்கலாம். அதை யார் சுத்தம் செய்வது என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள்.

நமக்கும் இதில் பாடம் உண்டா?

இங்கே பேஸ்மென்ட் இல்லை, ஆனால் கிரில் இருக்கிறது. 2017 செப்டம்பர் 14-ஆம் தேதி கோலாலம்பூரின் கெராமாட் வட்டாரத்தில் ஒரு சமயப் பள்ளியின் விடுதியில் தீ. 23 பேர் மாண்டனர், அவர்களில் 21 பேர் மாணவர்கள். ஜன்னல்களில் கழற்ற முடியாத கம்பிகள். உங்கள் வீட்டு கிரில் கதவின் பூட்டுச் சாவி இப்போது எங்கே தொங்குகிறது என்று இருட்டிலும் சொல்ல முடியுமா?

வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது?

நேரடியாகவே. "இது நகராட்சி அனுமதி பெற்ற அறையா? ஜன்னல் எவ்வளவு திறக்கும்? அளவுநாடாவை வைத்து ஒரு காணொளி அனுப்ப முடியுமா?" விளம்பரத்தில் "படுக்கையறை" என்று போடாமல் "டென்" என்றோ "போனஸ் ரூம்" என்றோ போட்டிருந்தால் கூடுதலாக உஷார். ஜன்னல் தேறாத அறைக்கு அப்படிப் பெயர் வைப்பது வழக்கம். புகை எச்சரிக்கைக் கருவி எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

ஏற்கனவே குடியேறிவிட்டீர்களா? நகராட்சியிடமோ தீயணைப்புத் துறையிடமோ புகார் செய்யலாம். ஆனால் இதையும் மறைக்கக்கூடாது: ஆய்வு வந்து அறை மூடப்பட்டால், வேறு இடம் தேடவேண்டியது நீங்கள்தான். தேர்வு நேரத்தில், குளிரில். பலர் வாயை மூடிக்கொண்டு இருப்பது அதனால்தான். ஆகவே மாற்று அறை ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு புகார் செய்வது நல்லது. அதுவரை அந்த அறையில் தூங்காமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று பாருங்கள்.

என் சித்தி மகள் மறுநாள் அனுப்பிய காணொளியில், ஜன்னல் ஒரு சாண் அளவுக்கு மேல் திறக்கவில்லை. மாதம் 150 டாலர் கூடுதலாகக் கொடுத்து, வேறொரு வீட்டின் மேல்மாடியில் ஓர் அறை எடுத்தாள். அம்மாவிடம் காரணம் சொல்லத்தான் அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்ததாம். பழைய விளம்பரம் இரண்டு வாரம் கழித்தும் அப்படியே இருந்தது, வாடகையை மட்டும் இன்னும் குறைத்திருந்தார்கள்.