ஏரி கட்டிய துரையின் பட்டம்

நாயுடுபுரத்திலிருந்து கொடைக்கானல் ஏரிக்கரைக்கு நடந்து வருகிறவர்களில் பலர், அந்த ஏரி மலையோடு கூடப் பிறந்தது என்றே எண்ணிக்கொள்கிறார்கள். இல்லை ஐயா! 1863-ஆம் வருஷம் ஒரு கலெக்டர் துரை ஓடை நீருக்குக் குறுக்கே கரை போட்டுத் தேக்கிய ஏரி அது. துரையின் பெயர் வீர் ஹென்றி லெவிஞ்ச். ‘வீர்’ என்றதும் வீரபாகுவுக்கு உறவோ என்று மயங்க வேண்டாம்; சீமையில் வழங்கும் பெயர்தான்.

அவருடைய குலமுதல்வர் ரிச்சர்டு லெவிஞ்ச் லேசுப்பட்டவர் அல்ல. 1692 முதல் 1695 வரை அயர்லாந்துக் காமன்ஸ் சபையின் சபாநாயகர். பிற்காலத்தில் அங்கேயே ஒரு பெரிய கோர்ட்டின் பிரதம நீதிபதி. 1704-ல் ‘பாரனெட்’ பட்டம் பெற்றார். நம் ஊர் ராவ்பகதூர் பட்டம் வாங்கியவரோடு சிதையேறிவிடும். பாரனெட் பட்டமோ நிலபுலன் மாதிரி தலைமுறை தலைமுறையாக இறங்கும். ஆனால் பிரபுக்கள் சபையில் ஆசனம் கிடையாது. பெயருக்கு முன்னால் ஒரு ‘சர்’, அவ்வளவுதான். ஜேம்ஸ் மன்னர் 1611-ல் இந்தப் பட்டத்தை ஏற்படுத்தியதே அயர்லாந்துப் படைச் செலவுக்குப் பணம் திரட்டத்தான். அன்றைய விலை 1,095 பவுன்! கௌரவத்துக்கும் ரசீது உண்டு போலிருக்கிறது.

நம் வீடுகளில் சொத்து என்றால் பாகப்பிரிவினை, பங்காளிச் சண்டை. அங்கே பட்டம் மூத்தவன் ஒருவனுக்கே. இளையவன் பட்டாளத்துக்கோ, மாதா கோயிலுக்கோ, இந்தியாவுக்கோ மூட்டை கட்ட வேண்டியதுதான். வெஸ்ட்மீத்தில் உள்ள நாக்டிரின் மாளிகை அண்ணன் ரிச்சர்டுக்கு. தம்பி வீருக்குச் சென்னை ராஜதானியில் சிவில் உத்தியோகம். அண்ணன் குல வரலாற்றைப் புஸ்தகமாக எழுதினார். தம்பி 1860 முதல் 1867 வரை மதுரை ஜில்லாவை ஆண்டார். சொந்தப் பணம் போட்டு ஏரிக்குக் கரை கட்டினார். தூத்துக்குடியிலிருந்து முதல் படகை வரவழைத்தார். மோட்டார் ரோடு இல்லாத காலத்தில் படகு எப்படி மலையேறியிருக்கும்! சுமந்த தோள்கள் நம்மவர்களுடையவையாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் பெயருக்கு முன்னால் யார் எதைச் சேர்த்தார்கள்? பெயர்களையே நான் எங்கும் கண்டதில்லை.

உத்தியோகம் முடிந்தபின் துரை கொடைக்கானலிலேயே தங்கிவிட்டார். 1884-ல் அண்ணன் ஆண் வாரிசின்றிக் கண்ணை மூடவே, அறுபதைத் தாண்டிய தம்பி எட்டாவது பாரனெட் ஆனார். கலெக்டராக இருந்த காலமெல்லாம் வெறும் மிஸ்டர் லெவிஞ்ச். ஏரி கட்டியபோதும் அப்படித்தான். இப்போது சர் வீர் லெவிஞ்ச்! அனுபவித்தது எத்தனை நாள்? 1885-ல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

பட்டம் மட்டும் நிற்கவில்லை. பத்தாவது பாரனெட் 1914 அக்டோபரில் ஜெர்மன் யுத்தத்தில் மாண்டார். அடுத்த ‘சர்’ 1911-ல் பிறந்த அவருடைய பிள்ளை. மழலை மாறாத அந்த வாயால் தன் பட்டத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்குமோ என்னவோ!