பென்சில்வேனியா நீள்துப்பாக்கி: மறுஆக்கம்

18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் வளர்த்தெடுத்த நீண்ட குழல் வேட்டைத் துப்பாக்கியை, இன்றைய அமெரிக்கக் கைவினைஞர்கள் வீட்டுப் பட்டறையில் மீண்டும் செய்யும் கலை. உட்புறம் திருகுவரி வெட்டிய குழல், தீக்கல் விசை, மேப்பிள் மரக்கட்டை, பித்தளைப் பூண் ஆகியவை இதன் உறுப்புகள். குழலையும் விசையையும் விலைக்கு வாங்கிப் பொருத்துவது கைவினையாகாது என்பார் உண்டு. வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. அக்காலக் கொல்லர்களே இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த விசைகளைத் தாராளமாகப் பயன்படுத்தினர். மரத்தைச் செதுக்கி, உலோகத்தை இடைவெளி தெரியாமல் அதில் இறக்குவதில்தான் அவரவர் கைத்திறன் தெரிந்தது. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் துப்பாக்கிக் கொல்லர் வாலஸ் கஸ்லர், இரும்புப் பட்டையை உலையில் காய்ச்சிக் குழலாக அடிப்பது முதல் எல்லாவற்றையும் கையாலேயே செய்தார். 1969-இல் அது ஆவணப்படமாயிற்று. மறைந்த நுட்பத்தை மீட்ட ஆய்வாக அதன் மதிப்பு பெரிது. அதையே எல்லோருக்கும் அளவுகோலாக்குவது மிகை.

போலிப் பழம்பொருள் சந்தைக்கு இக்கலை வழிவிடும் என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. செய்தவர் தம் பெயரையும் ஆண்டையும் குழலில் பொறித்தால்தான் அதற்கு விடை உண்டு. சட்டத்தைப் பொறுத்தவரை, குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் இவ்வகைத் துப்பாக்கியை, புதிதாகச் செய்ததானாலும், அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகப் பழம்பொருள் வரிசையிலேயே வைக்கிறது. மாநில விதிகள் வேறுபடும்.