தேர்ச்சிக்கு ஏற்ற கூலி

இங்கிலாந்தில் தொழிலாளருக்கான மாலைநேர அறிவியல் வகுப்புகளுக்கு 1859 முதல் அரசின் அறிவியல், கலைத் துறை மானியம் தந்தது. மாணவர் தேறினால்தான் ஆசிரியருக்குப் பணம். 1879 முதல் சிட்டி அண்ட் கில்ட்ஸ் நிறுவனமும் கைத்தொழில் பாடங்களில் இதே வழியில் போனது. பகலெல்லாம் பட்டறையில் உழைத்தவன் வகுப்பில் தூங்கிவழிந்தால் நஷ்டம் வாத்தியாருக்கு. மே மாதத் தேர்வு வந்தாலே அவருக்கு வயிற்றில் புளி கரையும். புரியவைக்க நேரமேது? உருப்போட வைத்தார்கள். மிட்ஹர்ஸ்ட் பள்ளித் தலைமையாசிரியர் ஹொரேஸ் பயாட், தம்மிடம் உதவி ஆசிரியராக இருந்த, பின்னாளில் எழுத்தாளரான எச். ஜி. வெல்ஸையே பல தேர்வுகளுக்கு உட்காரவைத்து மானியம் ஈட்டினார். வெல்ஸுக்கும் லாபம்தான்: அந்தத் தேர்வுகளில் தேறியதால் 1884இல் உதவித்தொகையுடன் லண்டனில் படிக்கப் போனார். 1890களில் இந்த முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது.