அல்தூராஸ் தே மாச்சு பிச்சு (இசைத்தொகுப்பு)

‘அல்தூராஸ் தே மாச்சு பிச்சு’ சிலி நாட்டு இசைக்குழுவான லாஸ் ஹைவாஸ் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட இசைத்தொகுப்பு. ‘மாச்சு பிச்சுவின் உயரங்கள்’ என்பது தலைப்பின் பொருள். இதே தலைப்பில் சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா எழுதிய நெடுங்கவிதையிலிருந்து வரிகளைத் தேர்ந்து அக்குழு இசையமைத்தது. மொத்தம் ஏழு உருப்படிகள். ஏறத்தாழ 37 நிமிடம். ஆண்டிஸ் மலை மக்களின் குழல்களும் நரம்புக் கருவிகளும் பியானோ, மின்கிதார், சின்தசைசர், டிரம்ஸ் ஆகியவற்றுடன் இணைந்து ஒலிக்கும் இத்தொகுப்பு, லத்தீன் அமெரிக்க ராக் இசையின் சிகரங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. ராக் பாட்டுக்கு நாட்டார் குழலிசையை ஊறுகாயாகத் தொட்டுக்கொண்ட தொகுப்புகள் பல உண்டு. இதில் இரண்டு மரபுகளும் சரிசமமாகப் பாரம் சுமக்கின்றன. அந்தச் சமநிலை எப்படி வந்தது என்பதை அறிய, குழு நடந்து வந்த பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழுவின் பாதை

சிலியின் கடற்கரை நகரமான வின்யா தெல் மாரில் 1963இல் இளைஞர்கள் ஐவர் கூடி ஒரு குழுவைத் தொடங்கினார்கள். எதுவார்தோ, கிளௌதியோ, கப்ரியேல் என்ற பார்ரா சகோதரர்கள் மூவர். அவர்களுடைய நண்பர்கள் காத்தோ அல்கின்தா, மரியோ மூத்திஸ். அப்போது குழுவுக்கு ‘ஹை பாஸ்’ என்று ஆங்கிலப் பெயர். கும்பியா, போசா நோவா போன்ற நடன இசையை விருந்துகளில் வாசித்துப் பிழைத்தார்கள். அறுபதுகளின் இறுதியில் அந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு, முன்தயாரிப்பு ஏதுமின்றி மேடையேறி அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிக்கும் மனோதர்ம இசைக்குத் திரும்பினார்கள். சிலியின் தெற்கே வாழும் மாப்புச்சே மக்களின் நீண்ட ஊதுகுழலான துருத்ருக்கா, அவர்களின் சடங்கு முரசான குல்த்ருன், ஆண்டிஸ் மலையின் கேனா குழல் எல்லாம் அவர்கள் கைக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். பெயரும் ஸ்பானிய நாவுக்கு ஏற்ப ‘லாஸ் ஹைவாஸ்’ என்று மாறியது. நாட்டார் கருவிகளை அலங்காரமாகக் கற்காமல், தடவித் தடவி, காதால் கண்டுபிடித்துக் கற்றவர்கள் அவர்கள். பத்தாண்டு கழித்து வந்த இத்தொகுப்பின் ஒவ்வொரு நிமிடத்திலும் அந்தப் பயிற்சி கேட்கிறது என்றே சொல்ல வேண்டும்.

1972இல் வந்த ‘தோதோஸ் ஹூந்தோஸ்’ என்ற பாட்டு அவர்களை நாடறியச் செய்தது. மறு ஆண்டு செப்டம்பர் 11 அன்று ராணுவம் சால்வதோர் அயெந்தேயின் அரசைக் கவிழ்த்தது. குழு குடும்பங்களோடு அர்ஜென்டினாவுக்குப் பெயர்ந்தது. 1976இல் அங்கும் ராணுவ ஆட்சி வரவே, 1977இல் பிரான்சுக்குச் சென்றது. பாரிஸ் நகரை ஒட்டிய ஷாத்தனே மலாப்ரியில் ஒரு பெரிய வீட்டில் மனைவி மக்களோடு அனைவரும் ஒன்றாகக் குடியிருந்து, ஒன்றாகச் சமைத்து உண்டு, ஒன்றாகப் பயின்றார்கள். ஆண்டிஸ் மலையைப் பற்றிய இந்த இசை அந்த மலைக்குக் கடல் கடந்த தொலைவில், பிரான்சில் உருவானது.

கவிதை

நெரூதா 1943இல் மெக்சிகோவில் தூதரகப் பணியை முடித்துத் தாயகம் திரும்பும் வழியில் பெரு நாட்டின் மாச்சு பிச்சு இடிபாடுகளுக்கு ஏறிச் சென்றார். இங்கா அரசர்கள் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய, ஏறத்தாழ 2,430 மீட்டர் உயரத்தில் உள்ள கல் நகரம் அது. இரண்டாண்டு கழித்து, 1945இல் பன்னிரண்டு பகுதிகள் கொண்ட கவிதையாக அந்த அனுபவம் வடிவம் பெற்றது. 1950இல் மெக்சிகோவில் வெளியான ‘கான்தோ ஹெனரால்’ என்ற பெருநூலில் அது ஓர் அங்கம். நகர வாழ்வின் அன்றாடச் சிறு சாவுகளில் தொடங்கி, மலையேறி, கல்லின் முன் நின்று, அந்தக் கல்லைச் சுமந்தவன் எங்கே என்று கேட்கும் கவிதை அது. பேரரசர்களின் பெருமையை விட்டு, பெயர் தெரியாத கொத்தனையும் உழவனையும் இடையனையும் எழுந்து வரச் சொல்லி அழைக்கிறது. 1973இல் சிலியில் ராணுவப் புரட்சி நடந்து பன்னிரண்டாம் நாள் நெரூதா இறந்தார்.

இக்கவிதையை இசையாக்கும் யோசனையைக் குழுவிடம் கொண்டுவந்தவர் பெரு நாட்டுத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஒருவர். முழுக் கவிதையையும் பாடும் முயற்சியில் குழு இறங்கவில்லை. வரிகளை வெட்டியும் திரும்பச் சொல்லியும், வெவ்வேறு பகுதிகளில் உள்ளவற்றை ஓரிடத்தில் சேர்த்தும் பாடல்களாகக் கட்டியது. யாப்புக்குள் அடங்காத நெரூதாவின் நீண்ட வரிகளைப் பாடத்தக்கவையாக்க இதுவே சரியான வழியாக இருந்தது.

உருப்படிகள்

முதல் உருப்படியான ‘தெல் ஐரே அல் ஐரே’ சொற்களற்றது, ஊதுகருவிகளின் ஆட்சி. இதை இயற்றியவர் விருந்தினர் கலைஞராகப் பங்கேற்ற அல்பெர்தோ லேதோ. ஆண்டிஸ் மக்களின் சம்போன்யா என்ற அடுக்குக் குழலை இங்கே கேட்கலாம். மலைக்கிராமங்களில் அது இணையாகவே வாசிக்கப்படும்: சுரங்கள் இரண்டு குழல் வரிசைகளில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரிந்திருக்கும், ஒருவர் ஊத, மற்றவர் விட்ட இடத்தில் பிடிக்க, இருவர் மூச்சும் சேர்ந்தால்தான் மெட்டு முழுமை பெறும். மலைக்காற்று போன்ற அந்த ஓசை மூச்சு மாற்றத்தில் பிறப்பது.

தொகுப்பின் இதயம் இரண்டாவதாக வரும் ‘லா போதரோசா முவேர்த்தே’; பதினொரு நிமிடம் நீள்வது. கிளௌதியோவின் பியானோ ஐரோப்பியச் செவ்வியல் மரபில் பழகிய விரல்களோடு தொடங்குகிறது. அல்கின்தாவின் குரல் அதன்மேல் மெல்ல எழுகிறது. பிறகு தாளம் மாறுகிறது, மறுபடி மாறுகிறது. கேனாவும் மின்கிதாரும் ஒரே மெட்டைக் கைமாற்றிக்கொள்கின்றன. எதுவார்தோவின் மினிமூக் சின்தசைசர் இடையே நுழைந்து எங்கோ ஏறுகிறது. கப்ரியேலின் டிரம்ஸை இங்கே தனியே கவனித்துக் கேட்பது நல்லது. பொம்போ என்ற நாட்டார் பெருமுரசின் கனமும் ராக் டிரம்ஸின் வேகமும் ஒரே கையில் வெளிப்படுவதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கேட்க முடியாது. நெடிய ராக் உருப்படிகள் பல தம் திறமையைக் காட்டவே நீள்வதுண்டு. இதன் நீளம் கவிதை ஏறும் மலையின் நீளம்.

‘அமோர் அமெரிக்கானோ’ நடனத் துள்ளலோடு நகர்வது. ‘ஆகிலா சிதெரால்’ கவிதையின் ஒன்பதாம் பகுதியிலிருந்து பிறந்தது. அப்பகுதியில் வினைச்சொல்லே கிடையாது. இடிபாடுகளுக்கு உரிய பெயர்களை மட்டும் நெரூதா அடுக்கிக்கொண்டே போகிறார். கதையும் வாதமும் இல்லாத அந்தப் பெயரடுக்கைக் குழு அவசரமில்லாத மெட்டில் வைத்தது மிகச் சரியான முடிவு. ‘அந்தீகுவா அமெரிக்கா’வில் பியானோவும் மினிமூக்கும் பாய்ச்சலாக ஓடுகின்றன.

பரவலாக அறியப்பட்ட பாட்டு ஆறாவதாக வரும் ‘சூபே அ நாசேர் கொன்மிகோ எர்மானோ’. கவிதையின் இறுதிப் பகுதியில் மாண்ட உழைப்பாளிகளை உடன்பிறந்தவர்களாக விளித்து அழைக்கும் இடம் இது. இரங்கற்பா போல இசைத்திருக்கலாம். குழுவோ தென் அமெரிக்க நடனங்கள் பலவற்றுக்குப் பொதுவான ஆறெட்டுத் தாளத்தில், ஆடத் தூண்டும் வேகத்தில் அதை அமைத்தது. இறந்தவர்களை எழுப்பக் கூப்பிடும்போது ஒப்பாரியைவிட ஆட்டம் பொருத்தம் என்ற அந்த முடிவுக்காகவே இசையமைப்பாளர்களைப் பாராட்டலாம். ‘ஃபினால்’ சுருக்கமாக, அடங்கிய குரலில் முடிகிறது.

சிலியில் இதன் இடம்

அயெந்தேயை ஆதரித்த ‘நுவேவா கான்சியோன்’ என்ற பாட்டு இயக்கத்தின் அடையாளமாகிவிட்டதால், ராணுவ ஆட்சியில் கேனாவும், ஆண்டிஸ் நரம்புக் கருவியான சரங்கோவும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டன. அவ்வியக்கத்தின் பாடகர் விக்தோர் ஹாரா கொல்லப்பட்டார். கிலாபாயூன், இன்தி இயிமானி குழுக்கள் ஐரோப்பாவில் அகதிகளாயின. லாஸ் ஹைவாஸ் கட்சி சார்ந்து பாடியதில்லை. அதனால் 1981இல் தாயகத்தில் மீண்டும் மேடையேற அவர்களால் முடிந்தது. அதே ஆண்டு மாச்சு பிச்சு இடிபாடுகளுக்கு நடுவே கருவிகளை நிறுத்தி, முழுத் தொகுப்பையும் தொலைக்காட்சிக்காகப் படமாக்கினார்கள். சிலியின் கனால் 13 நிறுவனமும் பெரு தொலைக்காட்சியும் இணைந்து உருவாக்கிய அந்நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் நாவலாசிரியர் மரியோ வர்காஸ் யோசா. கம்யூனிஸ்ட் கவிஞர் ஒருவரின் சொற்கள், ஆட்சியாளர்கள் விரும்பாத கருவிகளோடு, சர்வாதிகார நாட்டின் வீடுகளுக்குள் திரை வழியே சென்று சேர்ந்தன. அன்று சிறுவர்களாக இருந்த தலைமுறைக்கு இசையும் காட்சியும் பிரிக்க முடியாதவை.

குழு 1982இல் ‘அகோன்காகுவா’, 1984இல் சிலியின் நாட்டார் பாடகி வியோலெத்தா பார்ராவின் பாடல்களைக் கொண்ட தொகுப்பு என்று தொடர்ந்து இயங்கியது. கப்ரியேல் 1988இல் பெரு நாட்டில் கார் விபத்தில் இறந்தார். அவர் இடத்தில் மகள் ஹுவானீத்தா டிரம்ஸ் வாசிக்க வந்தார். 2003 ஜனவரியில் அல்கின்தா காலமானபின் அவருடைய பிள்ளைகளும் குழுவில் சேர்ந்தார்கள். ‘லா போதரோசா முவேர்த்தே’யும் ‘சூபே அ நாசேர்’ பாட்டும் அதன்பின்னும் அவர்களின் மேடைகளில் தொடர்ந்து இசைக்கப்பட்டன.