வாயிற்காவலரின் பருவம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் புதுக்கடைச் சுற்றுவட்டாரத்தில் கிறிஸ்துமஸுக்கான காத்திருப்பு எல்லாருக்கும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. இலத்தீன் வழிபாட்டுக் கத்தோலிக்கரும் சிஎஸ்ஐ சபையாரும் நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக் காலமாகக் கொள்கிறார்கள். மலங்கரைக் கத்தோலிக்கருக்கு இது அறிவிப்புகளின் காலம். வானதூதர் முதலில் சக்கரியாவிடமும் பிறகு மரியாவிடமும் வருகிறார். எலிசபெத் சந்திப்பு, யோவானின் பிறப்பு, யோசேப்பின் கனவு என ஞாயிறுதோறும் ஒரு நிகழ்ச்சி. டிசம்பர் முதல் நாளில் இருபத்தைந்து நோன்பும் தொடங்கிவிடும். மார்த்தாண்டம் மலங்கரை மறைமாவட்டம் 1996-இலும், குழித்துறை இலத்தீன் மறைமாவட்டம் 2014-இலும் அமைந்தன. ஒரே தெருவில் இரண்டு நாட்காட்டிகள் ஓடுவது இங்கே யாருக்கும் வியப்பில்லை.

சக்கரியாவோடு தொடங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. கோவிலுக்குள் தூபம் காட்டிக்கொண்டிருந்த குரு அவர்; நற்செய்தியை முதலில் கேட்டவரும் நம்பாதவரும் அவரே. பேச்சிழந்து வெளியே வருகிறார். வழிபாட்டில் பழகிப்போனவருக்கே காது அடைத்துப்போகும் என்பதை அந்த நாட்காட்டி தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது.

இலத்தீன் முறை வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. டிசம்பர் 16 வரை அதன் வாசகங்களில் குழந்தை இயேசு முன்னால் வருவதில்லை. ஆண்டவரின் இரண்டாம் வருகையும் திருமுழுக்கு யோவானின் கண்டிப்பும்தான். 17-ஆம் தேதியிலிருந்தே பார்வை பெத்லகேம் பக்கம் திரும்புகிறது. நாமோ அதற்குள் நட்சத்திரம் கட்டி, குடில் போட்டு, கரோலும் பாடத் தொடங்கிவிடுகிறோம். நட்சத்திரத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த முதல் இரண்டு வாரங்களின் கடுமை கேட்பாரற்றுப் போகிறதே என்பதுதான்.

அந்தக் கடுமையை இப்பகுதி ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் விசைப்படகுகள் ஆழ்கடலில் இருந்தன. பல நாள் தங்கி மீன்பிடிப்பவர்கள் அவர்கள்; முன்னரே புறப்பட்டுப் போனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. மூன்றாம் நாள், டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்குரிய நற்செய்தி மாற்கு 13:33–37. வீட்டுத் தலைவர் வெளியூர் போகிறார். பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, வாயிற்காவலருக்கு விழித்திருக்கும் வேலை. தலைவர் திரும்புவது மாலையிலா, நள்ளிரவிலா, சேவல் கூவும் நேரத்திலா, விடியலிலா என்று யாருக்கும் தெரியாது.

உரைகளில் இந்தப் பகுதியை உள்ளத் தூய்மைக்கான அறிவுரையாகச் சுருக்கிவிடுகிறோம். மாற்கு சொல்லும் விழிப்பு தன் ஆன்மாவை மட்டும் பார்த்துக்கொள்வதல்ல. வீட்டிலுள்ள மற்றவர்களுக்காக ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. கடற்கரை மக்கள் அன்று அப்படித்தான் விழித்திருந்தார்கள். திரும்பாதவர்களுக்கான அரசின் தேடுதல் போதவில்லை என்று கண்டு மீனவர்கள் தாங்களே படகெடுத்துத் தேடப் போனார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்து, கடலில் காணாமல்போனவர்களைத் தேடுமாறு அரசைக் கேட்டார்கள். செய்தித்தாள்கள் அதை மறியல் என்று எழுதின. திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில், அதற்குரிய வாசகத்தை அவ்வளவு சரியாக நிறைவேற்றிய கூட்டத்தை இம்மாவட்டத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை.