வட்டிலப்பம் எங்கிருந்து வந்தது?



பெருநாள் என்றால் நம் வீடுகளில் வட்டிலப்பம் இருக்க வேண்டும். கலியாண வீட்டில் சஹன் சோறு முடிந்ததும் அடுத்து அதைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்போம். இது எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்டால் "அரபு நாட்டிலிருந்து" என்று பிள்ளைகள் சட்டென்று சொல்வார்கள். பெரியவர்கள் பலரும் அதையே சொல்வார்கள். முஸ்லிம் வீட்டுப் பண்டம் என்றால் அரபு நாட்டுப் பண்டம் என்று ஒரு கணக்கு.

ஆனால் சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, முட்டை, ஏலம், சாதிக்காய், மேலே கஜு. அடுப்பில் வைப்பதோ ஆவியில். இந்தப் பொருட்களும் இந்த முறையும் நம்மைக் கிழக்குப் பக்கம், ஜாவா, சுமாத்திரா தீவுகளை நோக்கித்தான் கூட்டிப் போகின்றன.

இதை நமக்குத் தந்தவர்கள் இலங்கை மலாயர்கள் என்பதே பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரை முழுதாக வெளியேற்றி, 1796 வரை நம் கரையோரங்களை ஆண்டார்கள். அவர்களுடைய ஆசியத் தலைமையிடம் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. அங்கிருந்து படைவீரர்களையும், அடிமைகளையும், தங்களை எதிர்த்த அரச குடும்பத்தவர்களையும் இலங்கைக்குக் கொண்டு வந்தார்கள். மாத்தாராம் இராச்சியத்தின் மன்னர் மூன்றாம் அமங்குராத் 1708இல் இங்கே நாடு கடத்தப்பட்டார். அதற்கு முன்பே 1684இல், மக்காசாரைச் சேர்ந்த மார்க்க அறிஞர் ஷேக் யூசுப் இங்கே அனுப்பப்பட்டார். பத்து வருடங்கள் கழித்து அவரைத் தென்னாபிரிக்காவின் கேப் பகுதிக்கு மாற்றினார்கள்.

பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். மலாய வீரர்கள் அவர்களுடைய படையிலும் சேர்ந்தார்கள். அந்தப் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்ட பின் பலர் பொலிஸ் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போனார்கள். கொழும்பு கொம்பனித்தெருவில் இன்றும் மலே வீதி, ஜாவா லேன் என்ற பெயர்கள் இருக்கின்றன. 1869இல் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகை அரபு எழுத்தில் வெளிவந்தது. நம் முன்னோர் அரபுத் தமிழ் எழுதியது போலத்தான் அதுவும்.

மலாயரும் சோனகரும் ஒரே ஷாபிஈ மத்ஹப். ஒரே பள்ளியில் தொழுதார்கள், பெண் கொடுத்து எடுத்தார்கள். இலங்கை மலாய்மொழி, தமிழையும் சிங்களத்தையும் போல வினைச்சொல்லைக் கடைசியில் வைத்துப் பேசும் மொழியாக மாறியது. இந்த மண்ணின் பேச்சு அவர்கள் வாய்க்குப் போனது. அவர்களுடைய இனிப்பு நம் சமையலறைக்கு வந்தது.

அந்த இனிப்பின் மூலம் 'ஸ்ரீகாயா'. தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்து அவிப்பது. இந்தோனேசியாவின் சில ஊர்களில் ரம்பை இலைச் சாறு விட்டுப் பச்சை நிறத்தில் செய்வார்கள், சில ஊர்களில் பனைவகை மரங்களின் கருப்பட்டி போட்டுக் கபில நிறத்தில் செய்வார்கள். தாய்லாந்தில் இதன் உறவுக்காரப் பண்டத்துக்குச் 'சங்கயா' என்று பெயர். பூசணிக்காயைக் குடைந்து அதற்குள் ஊற்றியும் அவிப்பார்கள்.

அந்தத் தீவுகளில் கருப்பட்டி தரும் அரேன் மரம் இங்கே இல்லை. அதன் வேலையை நம் ஈரவலயத்துக் கித்துள் மரம் செய்தது. சிங்களக் கிராமங்களில் கித்துள் பாளையைச் சீவிப் பதநீர் எடுத்துக் காய்ச்சியவர்களின் உழைப்பும் இதில் இருக்கிறது. சாதிக்காயின் சொந்த இடம் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். கஜு மரத்தைப் பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆசியாவுக்குக் கொண்டு வந்தவர்கள் போர்த்துக்கேயர். பெயரோ 'வட்டில்', 'அப்பம்' என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் சேர்ந்தது என்று சொல்வார்கள். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலும் இது உண்டு. அந்த ஊர்களுக்கும் நமக்கும் வியாபாரமும் சம்பந்தமும் எவ்வளவு பழையது என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. இன்று நாம் 'பாரம்பரியம்' என்று சொல்லும் பண்டம், ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு பெண் தன் குசினியில் செய்து பார்த்த புதுமை. ஊரில் கிடைத்த கருப்பட்டி வேறு, ஆனால் அவள் கையில் முறை இருந்தது. முறை இருந்ததால் பொருள் மாறியும் பண்டம் பிழைத்தது.

அந்த முறையை விளங்கிக்கொண்டால் இன்றைய அடுப்பிலும் பயமில்லாமல் செய்யலாம். பல வீடுகளில் உள்ள ஓர் அளவு: பத்து முட்டைக்கு அரைக் கிலோ கருப்பட்டி, இரண்டு கோப்பை கட்டித் தேங்காய்ப்பால். முட்டை ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் அளவில் இறுகும். அதைவிட அதிகம் சூடேறினால் இறுகிய முட்டை தண்ணீரை வெளியே தள்ளிவிடும், அப்போதுதான் அடியில் நீர் நிற்கிறது. தண்ணீர் கொதிப்பதோ 100 பாகையில். எனவே ஆவிச் சட்டிக்குள் சூடு அதற்கு மேல் போகாது. அடுப்பையும் குறைத்து வைத்தால் மெதுவாக இறுகும். கருகுமோ என்ற கவலையும் இல்லை. தெர்மோமீட்டர் இல்லாத காலத்தில் கொதிக்கும் தண்ணீரே சூட்டை அளந்து கொடுத்தது.

கருப்பட்டியைக் கரைத்துத் துணியில் வடிப்பது தூசியும் நாரும் போக. கரைத்ததை ஆறவிட்டு முட்டையில் ஊற்றுவது முட்டை திரளாமல் இருக்க. மூடிக்குக் கீழே துணி கட்டுவது மேலே நீர் சொட்டாமல் இருக்க. உம்மம்மா காரணம் சொல்லியிருக்க மாட்டா, ஆனால் காரணமில்லாமல் எதையும் செய்யவில்லை.

பிரஷர் குக்கரில் வைப்பதென்றால் வெயிட் போடக் கூடாது. போட்டால் உள்ளே சூடு 120 பாகை வரை ஏறும், வட்டிலப்பம் திரிந்துவிடும். ஓவனில் வைப்பதென்றால் சுடுதண்ணீர் ஊற்றிய தட்டுக்குள் பாத்திரத்தை வையுங்கள். கரமல் புடிங்குக்குச் செய்வதும் இதேதான். ரைஸ் குக்கரின் ஆவித் தட்டிலும் அழகாக வரும், ஆனால் சிறு கிண்ணங்களில் ஊற்ற வேண்டும்.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது பெருநாளைக்கு ஓர்டர் கொடுத்து வாங்கும் வீடுகள் கூடிவிட்டன. வேலைக்குப் போகும் பெண்களுக்கு நேரமில்லை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முறை தெரிந்தவர்கள் நம் உம்மம்மாமார். அவர்களின் அளவு 'ஒரு கை', 'கண்ணளவு', 'வாசம் வரும் வரை'. 1929இல் ஆங்கிலத்தில் 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் புத்தகம் வெளிவந்தது. ஆங்கிலம் வாசிக்காத நம் பெண்களின் கைப்பக்குவமோ கையிலேயே இருந்தது. கை ஓய்ந்தால் அதுவும் போய்விடும். தக்கடி, முட்டைமா, தொதல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அதனால் இந்த விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்போம். வீட்டில் மூத்தவரிடம் ஒரு பண்டத்தைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நிற்கட்டும். ஒவ்வொரு கைப்பிடியையும் தராசில் வைத்து நிறுத்து எழுதட்டும். ஏன் இப்படி, யாரிடம் படித்தீர்கள், அந்தக் காலத்தில் எந்த அடுப்பு என்று மூன்று கேள்வி கேட்கட்டும். ஆண் பிள்ளைகளும்தான். பாடப் புத்தகத்தில் மன்னர்களின் பெயர் இருக்கிறது. நம் வீட்டு வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.

உங்கள் ஊரில் மலாயக் குடும்பங்கள் இருந்தால், அடுத்த பெருநாளைக்கு ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தை அவர்கள் வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள். எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லியே அனுப்புங்கள்.