கோடையில் பம்பாயின் குதிரைகளும் நாய்களும்

சித்திரை பிறந்தது முதல் பருவமழை இறங்கும் வரையில், மும்பை மாநகரில் வெயிலைப் பற்றிப் பேசாதார் இல்லை. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் தமிழ் மக்களுள் பலர், பள்ளி விடுமுறை தொடங்கியதும் சொந்த ஊருக்குப் புறப்படுவர். அது இயலாதவர்கள் இரண்டொரு நாளேனும் அருகிலுள்ள மலைக்குச் சென்று வர எண்ணுவர். வெயிலின் கொடுமையை எடுத்துச் சொல்ல மனிதனுக்கு வாய் இருக்கிறது. அவனுடன் வாழும் குதிரைக்கும் நாய்க்கும் அது இல்லை. ஆயினும், இந்நகரின் வரலாற்றில் அவ்விரு உயிர்களுக்கும் உரிய பக்கங்கள் உண்டு. அவற்றுள் சிலவற்றை இன்று புரட்டிப் பார்ப்போம்.

விலங்கைப் போற்றிய மரபும், அதன் இயல்பை அறியாது வருத்திய தவறும் தமிழகத்திலேயே உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. ஆநிரை காக்கும் பூசலில் மாண்ட வீரனுடன், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் அக்கல் பெயர் கூறிச் சிறப்பிக்கிறது. மற்றொரு புறம், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் கடந்து ஆண்டுதோறும் வந்திறங்கிய குதிரைகளுள் பெரும்பாலானவை விரைவில் மடிந்தன என்று எழுதி வைத்தார். அவற்றைப் பேணத் தெரிந்தவர் இல்லாமையே காரணம் என்பது அவர் கருத்து. பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரையைக் காப்பாற்றும் அறிவை விலைக்கு வாங்க இயலவில்லை.

இனிப் பம்பாய்க்கு வருவோம். தெருநாய்களைக் கோடையில் கொல்வதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி ஒரு விதி செய்திருந்தது. வெப்பம் மிகுந்தால் நாய்க்கு வெறி பிடிக்கும் என்பது அக்கால நம்பிக்கை. வெறிநோய் வெப்பத்தால் தோன்றுவதன்று. நோயுற்ற விலங்கின் உமிழ்நீர் வழியே, பெரும்பாலும் கடியால், பரவுவது என்பதை நாம் இன்று அறிவோம். ஆயினும் அன்றைய அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தை ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் செலுத்தியது 1885ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர், வெறிநாய் கடித்து நோய் முற்றியவனுக்கு மட்டுமன்றி, கடிபட்டவனைக் காப்பதற்கும் நம்பத்தக்க மருந்து இருந்ததில்லை.

குறை, விதியின் நோக்கத்தினும் அது நடைபெற்ற முறையிலேயே மிகுதியாக இருந்தது. கொல்லப்படும் நாய் ஒன்றுக்கு எட்டணா என்று கூலி வகுக்கப்பட்டிருந்தது. தலைக்கு இவ்வளவு என்று காசு பேசப்பட்டபின், தெருநாய்க்கும் வீட்டு நாய்க்கும் வேறுபாடு பார்ப்பவர் யார்? வீட்டு முற்றத்தில் கிடந்த நாய்களும் இழுத்துச் செல்லப்பட்டன. 1832ஆம் ஆண்டு இக்கொலைக்குரிய காலம் ஜூன் நடுப்பகுதி வரை நீட்டிக்கப்பட்டது. பார்சி மக்களுக்கோ நாய் சமயச் சிறப்புடைய உயிர். இறந்தவர் உடலை நாயின் பார்வையில் படச் செய்வது அவர்தம் ஈமச்சடங்குகளுள் ஒன்று. ஜூன் 6ஆம் நாள் கோட்டைப் பகுதியில் பார்சிகள் திரண்டு, நாய் பிடித்த காவலரைத் தாக்கினர். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. பிற சமயத்தவரும் சேர்ந்துகொண்டனர். கொலாபாவிலிருந்த படைவீரர்க்குச் செல்லும் உணவுப் பொருள்கள் தடைப்பட்டன. படை வந்து கூட்டத்தைக் கலைத்தது, பலர் சிறைப்பட்டனர். பின்னர் நகரப் பெருவணிகர் அரசுடன் பேசி, நாய்களைக் கொல்லாது ஊர்ப்புறத்தே அகற்றலாம் என்னும் உடன்பாட்டுக்கு வழி கண்டனர்.

இக்கலகத்துக்குப் பின் இரண்டாண்டு கழித்து, 1834இல், ஜாம்செட்ஜி ஜீஜீபாய் முதலிய வணிகர்களின் பொருளுதவியால் புலேஷ்வர்ப் பகுதியில் பாஞ்சராபோல் என்னும் விலங்கு காப்பகம் நிறுவப்பட்டது. கலகம் இரண்டு நாளில் அடங்கியது. காப்பகமோ நிலைத்து நின்றது.

குதிரையின் கதை வேறு வகையானது. நாயைத் துரத்திய நகரம், குதிரையைத் தேடிச் சென்று வாங்கியது. 1874ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், கோடை உச்சத்தில், பம்பாயில் குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. தொடக்கத்தில் அக்கம்பெனியின் லாயங்களில் தொள்ளாயிரம் குதிரைகள் இருந்தனவாம். தண்டவாளத்தின் மேல் சக்கரம் எளிதில் உருளும் என்பது உண்மையே. ஆனால் நின்ற வண்டியை ஒவ்வொரு முறையும் அசைத்துப் புறப்படச் செய்யும் பாரம் குதிரையின் தோளுக்கே உரியது. அந்த நாளில் வள்ளல்கள் எழுப்பிய பியாவு என்னும் தண்ணீர்ப்பந்தல்களுள் பலவற்றில், மனிதர்க்கு ஒரு குழாயும் அதன்கீழ் விலங்குகளுக்கு ஒரு தொட்டியும் அமைந்திருந்தன. கல்லால் சமைத்த அவற்றுள் சில இன்றும் பழைய கடைவீதிகளில் நிற்கின்றன.

குதிரை டிராம் பின்னர் நின்றது. 1907இல் மின்சார டிராம் வந்தது. அதுவும் 1964இல் மறைந்தது. நாம் நாள்தோறும் தாதர் டி.டி. என்று சொல்லும் பெயரில் மட்டும் டிராம் ஒளிந்துகொண்டிருக்கிறது. விக்டோரியா எனப்படும் குதிரை வண்டிகளோ, 2015ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அவற்றைச் சட்டத்துக்கு மாறானவை எனத் தீர்ப்பளிக்கும் வரையில் கடற்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன.

ஆயினும், கோடையில் குதிரையோடு வாழும் வாழ்க்கை நமக்கு அண்மையிலேயே இன்னும் உண்டு. கர்ஜத் செல்லும் மின்வண்டியில் ஏறி நேரலில் இறங்கினால், மேலே தெரிவது மாதேரான் மலை. 1850ஆம் ஆண்டு மே மாதத்தில், தாணா மாவட்டக் கலெக்டராயிருந்த ஹியூ மாலெட் இம்மலையில் ஏறி, இது கோடைவாசத்துக்கு ஏற்ற இடம் எனக் கண்டார். பீர்பாய் குடும்பத்தார் தம் பொருளைச் செலவிட்டு அமைத்த சிறு இரயில் பாதை 1907இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ எண்ணூறு மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூருக்குள், நோயாளர் வண்டி போன்ற இன்றியமையாதவை நீங்கலாக, மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. தஸ்தூரி என்னுமிடத்தில் கார்கள் நின்றுவிடும். அப்பால் செம்மண் பாதை, நடக்கலாம், குதிரையேறலாம்.

குதிரையேற இயலாதவரை மனிதரே கைவண்டியில் இழுத்துச் சென்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. குதிரைக்காகப் பரிந்த நாம், வண்டியிழுத்த மனிதனை எத்தனை முறை எண்ணிப் பார்த்தோம்? 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இவ்வழக்கத்தை ஆறு திங்களுக்குள் நிறுத்தி, இழுப்போர்க்கு மின்வண்டி கொடுத்து வாழ்வு தேடித் தருமாறு ஆணையிட்டது. மின்வண்டி பெருகினால் தம் பிழைப்பு குறையும் என்பது குதிரைக்காரரின் கவலை. அதனையும் பொருட்படுத்தாது விடுதல் நேர்மையாகாது. ஒருவரது சுமையை இறக்கும்போது மற்றொருவரது உலை அணையாமல் காப்பதும் அறமே.

வரும் கோடையில் மாதேரானுக்குச் செல்லும் நேயர்கள், குதிரையேறும் முன் அதன் முதுகில் புண் உண்டா, அது தண்ணீர் குடித்ததா என்று ஒரு சொல் கேளுங்கள். குதிரைக்காரர்க்கு நியாயமான கூலியைப் பேரமின்றிக் கொடுங்கள். செல்லாதவர்கள், வாசலில் படுத்திருக்கும் தெருநாய்க்கு ஒரு மண்சட்டியில் நீர் வையுங்கள். அந்நாய்க்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்று மாநகராட்சியைக் கேட்பதும் உங்கள் கடமையே. 1832இல் அந்த மருந்து இல்லை, இன்று இருக்கிறது.